நூல் கட்டிய உஷ்ணமானி

கடனா நதிக்கரையில், சிவசைலத்து மலைகள் மாலைதோறும் நீலம் பூத்து நிற்பதைப் பார்த்தபடி கிடக்கும் ஆழ்வார்குறிச்சியில், எங்கள் வீட்டில் இட்டிலி மாவு வைப்பதற்கு என்று நிலையான ஓர் இடம் இருந்ததே இல்லை. சித்திரை வைகாசியில் அது ஜன்னல் இல்லாத அரங்குவீட்டுக்குள் குலுக்கைகளுக்கு நடுவே இருக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் காற்று இறங்கி வந்து முற்றத்தை நாள் முழுவதும் நனைத்துக் கொண்டிருக்கும் ஆனி ஆடியில் பட்டாசாலையின் உள்மூலைக்கு வரும். ஐப்பசி அடைமழையில் அடுக்களைக்குள் நுழையும். மார்கழி பிறந்துவிட்டாலோ அடுப்பு மேடையின் ஓரத்திலே, அடியில் வைக்கோற்புரியும் மேலே பழைய கோணியும் சுற்றிக்கொண்டு, கைக்குழந்தையைப் போலப் படுத்திருக்கும். இவ்வாறு வருஷம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே அந்தக் கற்சட்டி செய்துவந்த யாத்திரையை நடத்தியவள் என் ஆச்சி. எழுத்தறியாத அவள், எங்கள் வீட்டின் எந்தச் சுவர் எந்த நாழிகையில் எவ்வளவு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், எந்த நாழிகையில் அதை விடும் என்பதை, தன் உள்ளங்கையைப் போல அறிந்து வைத்திருந்தாள்.

இப்போது நினைத்துப் பார்த்தால், உஷ்ணத்தை ஆள்வது எவ்வளவு பெரிய வித்தை என்பதை நான் அவளிடம் பாதியும், ஏழு கடலுக்கு அப்பால் மாஞ்செஸ்டர் நகரத்தில், பீர் வடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் மீதியும் கற்றேன் என்றே சொல்ல வேண்டும். ஒருவரை ஒருவர் கண்டிராத இருவரும் ஒரே பாஷையில் பேசினார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்தே புரிந்தது.

ஆச்சி மாவு அரைக்கும் நாள் எங்கள் வீட்டில் ஒரு சிறு விசேஷம். அந்நாளில் இட்டிலி தினப்படிப் பலகாரம் அன்று. அமாவாசைக்கும் விருந்தாளிக்கும் தீபாவளிக்கும் உரியது. மத்தியானம் ஊறப்போட்ட உளுந்தைச் சாயங்காலம் தோல் களைந்து ஆட்டுரலில் இட்டால், குழவி சுற்றச் சுற்ற அது நுரைத்து, வெண்ணெயைப் போலத் திரண்டு, உரலின் விளிம்புவரை எழும்பி வரும். குழவியை நிறுத்தாமல் இடையிடையே குளிர்ந்த தண்ணீரைக் கையால் தெளித்துக்கொண்டே இருப்பாள். ‘உளுந்து சூடு கண்டா செத்துப்போகும்’ என்பாள். மாவில் ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி, செம்பிலுள்ள தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். அது மிதந்தால் உளுந்து பக்குவம். பிறகே அரிசி உரலேறும். இரண்டையும் கலப்பது மட்டும் பிறர் கைக்கு விடப்படாத காரியம். வலது கையை மணிக்கட்டுவரை அமிழ்த்தி, அடியிலிருந்து மேலாக, அவசரமின்றி நாற்பது ஐம்பது முறை அளைவாள். அந்தக் கையின் சூடும் மாவுக்கு வேண்டும் என்பது அவள் கொள்கை.

உப்பிலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. கோடையில் கலக்கும்போதே உப்பைப் போட்டுவிடுவாள். மார்கழியிலோ விடிந்து மாவு பொங்கிய பிறகே போடுவாள். உப்பு புளிப்பின் வேகத்தைத் தடுக்கும் என்ற ரசாயன உண்மையை நான் கல்லூரியில் படித்தது பின்னால். ஆச்சி அதை வெயிலுக்குக் கடிவாளமாகவும் குளிருக்கு விலக்காகவும் பல ஆண்டுகள் பிரயோகித்து வந்தது முன்னால். கல்யாண வீடுகளுக்கு அவளை அழைத்துப் போனால், மாவை ஒரே அண்டாவில் வைக்க விடமாட்டாள். பத்துப் பன்னிரண்டு சிறு பானைகளில் பிரித்துத் திண்ணையோரம் வரிசையாக வைக்கச் சொல்வாள். அண்டாவின் நடுவிலுள்ள மாவு தன் சூட்டிலேயே வெந்து புளித்துப்போகும், ஓரத்து மாவு விடியும்வரை உறங்கும், இரண்டையும் கலந்து இட்டிலி ஊற்றினால் ஒன்று புளிக்கும், ஒன்று கல்லாகும் என்று காரணம் சொல்வாள்.

மூடிய சட்டியைத் திறந்து பார்க்கும் சிறுபிள்ளை ஆசை எனக்கு உண்டு. ஒரு முறை அகப்பட்டுக் கொண்டேன். ‘ஏலே, அது வேலை செய்யுதுலே. குளிர்ந்த காத்த உள்ள விடாதே’ என்றாள். அதட்டல் அன்று அது. நோயாளி உறங்கும் அறையில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரல்.

பால் உறை ஊற்றுவதும் இப்படியேதான். காய்ச்சிய பாலில் சுண்டுவிரலை வைத்து, பத்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால் பிரை ஊற்றலாம். முடியாவிட்டால் இன்னும் ஆற வேண்டும். பதனீருக்கு வேறு நீதி. பங்குனி சித்திரையில் பனையிலிருந்து அதிகாலையில் இறக்கிக் கொண்டுவரும் பதனீர், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இனிப்பு மாறாமல் நிற்கும். சுண்ணாம்பு இல்லையேல் வெயில் ஏறுமுன்பே நுரைத்துக் கள்ளாகிவிடும். 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் வந்துவிட்டபடியால், அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான் எங்கள் பக்கத்துப் பனையேறிக்கும் சட்டத்துக்கும் நடுவே நின்ற சுவர். தெருவில் பதனீர் விற்று வருபவரிடம் ஆச்சி முதலில் கேட்பது விலையை அன்று. ‘எப்ப எறக்கினது, எந்தப் பக்கத்து வெயில்ல நடந்து வந்தே?’ என்பதைத்தான். வெயிலில் நடந்து வந்த பதனீரை அவள் வாங்கமாட்டாள்.

பாபநாசத்து நீர்விசையில் ஓடத் தொடங்கிய விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையின் சங்கொலியைக் கேட்டு நேரம் அறிந்த வம்சம் எங்களுடையது. என் தகப்பனார் அங்கே குமாஸ்தா. எனவே நூற்புத் தொழிலை மேலும் கற்க 1964-இல் நான் மாஞ்செஸ்டருக்குப் போனதில் வியப்பு இல்லை. எங்கள் ஊர் நிலையத்தில் என்னை ரயிலேற்ற வந்த ஆச்சி, ஒரு சிறு துணிப்பையில் வெந்தயம் கட்டிக் கொடுத்தாள். ‘குளிர் தேசம், மாவுக்கு இதையும் சேத்து அரை, சீக்கிரம் பொங்கும்’ என்பதே அவள் ஆசீர்வாதம்.

மாஞ்செஸ்டரில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தத் தேசத்தில் வீட்டிலே பீர் வடிப்பதற்கு முன்பெல்லாம் அரசாங்க உரிமம் வாங்க வேண்டும். 1963-ஆம் வருஷத்து பட்ஜெட்டில் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கிவிட்டபடியால், ஊரில் பலர் புதிய உற்சாகத்தோடு வாளியும் கையுமாக இறங்கியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கோ அது உற்சாகம் அன்று, விரதம். முளைவிட்ட வாற்கோதுமையின் கெட்டிச் சாற்றை வெந்நீரில் கரைத்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவை இட்டுக் கொதிக்க வைத்து, அதன் கசப்பு வாசனை வீடெங்கும் பரவி நிற்க, பிறகு ஆறவிடுவார். ஆறும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு கண்ணாடி உஷ்ணமானி. அது அறுபத்தைந்து டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 18 சென்டிகிரேடு காட்டிய பிறகே ஈஸ்டைத் தூவுவார். பின்பு வாளியைத் துணியால் மூடி, சமையலறையின் வடமூலையில், கற்தரையின் மேல் வைப்பார். மூலையைத் தேர்ந்த விதத்தையும், மூடிய துணியைத் தட்டிவிட்ட விதத்தையும் கண்டபோது, எனக்கு ஏனோ ஆச்சியின் ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது.

முதல் வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவரும் மனைவியும் மகள் வீட்டுக்கு நாலு நாள் போனார்கள். முந்தின நாள்தான் வாளியில் ஈஸ்டு இட்டிருந்தார். அன்று இரவு பனி பெய்தது. சமையலறைக் கற்தரையில் கால் வைக்க முடியவில்லை. வாளியின்மேல் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லிட்டிருந்தது. மார்கழி மாவை அடுப்போரத்துக்கு நகர்த்தும் ஆச்சியின் பேரனுக்கு அதைப் பார்த்துச் சும்மா இருக்க மனம் வருமா? அந்த நாட்டு வீடுகளில், வெந்நீர்க் கொப்பரையைச் சுற்றி ஓர் அலமாரி இருக்கும். துவைத்த துணிகளை அதன் கதகதப்பில் உலர்த்துவார்கள். வாளியை மெல்லத் தூக்கி அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். நல்ல காரியம் செய்த நிம்மதியில் உறங்கினேன்.

மறுநாள் மாலைக்குள் நுரை துணியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, கீழ்த்தட்டிலிருந்த துவாலைகளை நனைத்து, வீடு முழுவதும் கனிந்து அழுகும் தறுவாயிலுள்ள வாழைப்பழத்தின் நாற்றம் அடித்தது. அவர் திரும்பி வந்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கோப்பையில் கொஞ்சம் எடுத்து முகர்ந்து, நாக்கில் வைத்து, என்னிடமும் நீட்டினார். ஒரு வாய் சுவைத்தேன். தொண்டையில் இறங்கும்போது சாராயம்போல் காந்தியது. பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக விளக்கினார்.

ஈஸ்டுக்கு உஷ்ணம் மிகுந்தால் அது அவசரப்படும். அவசரத்தில் வேண்டிய மதுசாரத்தோடு வேண்டாத சாராயங்களையும் பழவாசனைகளையும் உண்டாக்கும். புளிக்கும் திரவம் தானே உஷ்ணத்தை வெளியிடுவதனால், வாளிக்குள் எப்போதும் அறையைக் காட்டிலும் ஐந்தாறு டிகிரி மிகுந்தே இருக்கும். ஆகவே உஷ்ணமானியைச் சுவரில் மாட்டிப் பார்ப்பது போதாது, வாளிக்குள்ளே மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். வெளியே கை வைத்து ஜில்லென்று இருந்ததை நம்பிய என் பிழை அங்கேதான். அண்டாவின் நடுமாவைப் பற்றி ஆச்சி சொன்னது அந்தக் கணத்தில் எனக்குப் பளீரென்று விளங்கிற்று. ஆனால் அவளுடைய மாவுக்கு உகந்த சூடு, இந்த ஈஸ்டுக்குக் கொடிய ஜுரம் என்பதும் உடனே விளங்கிற்று. இட்டிலி மாவைப் பொங்க வைப்பவை பெரும்பாலும் ஈஸ்டு அன்று, லியூகோனாஸ்டாக் என்ற நுண்ணுயிர்கள் என்று அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்டதை நான் பின்னால் படித்தேன். அவை எண்பத்தைந்து டிகிரியில் சுகமாக வாழும். இரண்டும் வேறு வேறு பிரஜைகள். நான் ஒன்றின் வீட்டுக்குள் மற்றொன்றைக் குடிவைத்துவிட்டேன்.

அன்று முதல் அவர் என்னைச் சீடனாகவே ஏற்றுக்கொண்டார். பொங்கி அடங்கிய பீரைப் புட்டிகளில் அடைத்து, ஒவ்வொன்றிலும் சிறு கரண்டிச் சர்க்கரை இட்டு இறுக மூடி, ஒரு வாரம் சமையலறையின் மிதமான சூட்டில் வைப்பார். அந்தச் சர்க்கரையை ஈஸ்டு தின்று காற்றை உண்டாக்கி, மூடிய புட்டிக்குள் நுரையாகச் சேமிக்கும். பிறகு மாடிப்படிக்குக் கீழேயுள்ள குளிர்ந்த நிலவறையில் மூன்று வாரம் தொடாமல் வைப்பார். அடிவண்டல் படியும், கலங்கல் தெளியும், கரடுமுரடான சுவை உருண்டு வரும். சூட்டில் அதிக நாள் விட்டால் புட்டி வெடிக்கும். முதலிலேயே குளிரில் வைத்தால் நுரையே இராது. சூடு முதலில், குளிர் பின்பு, வரிசை மாறக்கூடாது. எங்கள் வீட்டிலும் பொங்கி முடிந்த மாவை, ஈரத்துணி சுற்றித் தண்ணீர்த் தாம்பாளத்தில் உட்கார்த்தி வைத்து, முதல் நாள் இட்டிலியும் மறுநாள் தோசையும் வார்த்தது இதே வரிசைதான் என்று அவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். தாம்பாளத் தண்ணீரை எத்தனை முறை மாற்றுவாள் என்றுகூடக் கேட்டார்.

அவர் மூலமாகவே நான் அறிந்த செய்திகள் பல. பவேரியா தேசத்தில் 1553-இல் ஓர் ஆக்ஞை பிறந்தது: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பீர் வடிக்கக் கூடாது. கோடைச் சூட்டில் வடித்தது கெட்டுப்போயிற்று என்பதே காரணம். குளிரில் மட்டும் வடித்து, மலைக்குகைகளில் பனிக்கட்டியோடு மாதக்கணக்கில் வைத்ததனால், ஐம்பது டிகிரிக் குளிரிலும் வேலை செய்யக்கூடிய ஒரு வகை ஈஸ்டு அங்கே வழிவழியாக நிலைத்துவிட்டது. லாகர் என்ற பெயரே கிடங்கில் வைத்தலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. பனிக்கட்டியையே நம்பியிருந்த அந்த மக்களுக்காகவே கார்ல் ஃபான் லிண்டே என்ற பொறியியலார் 1870-களில் குளிரூட்டும் யந்திரத்தை மியூனிக் மதுவடிசாலைகளில் நிறுவினார். இன்று நம் வீட்டு அடுக்களையில் முனகிக்கொண்டு நிற்கும் குளிர்பெட்டியின் பூர்வோத்தரம் விசாரித்தால், அது ஒரு பீர்ப் பீப்பாயின் பக்கத்தில் போய் நிற்கும். 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிசாலையில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்டு உயிரணுவிலிருந்து தூய வம்சத்தைப் பெருக்கிக் காட்டினார். இவற்றையெல்லாம் சொல்லி முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை மாஞ்செஸ்டர் நகர மண்டபத்துக்கு அழைத்துப் போய், வாயிலிலேயே வீற்றிருக்கும் ஜேம்ஸ் ஜூல் என்பவரின் பளிங்குச் சிலையைக் காட்டினார். உழைப்பும் உஷ்ணமும் ஒன்றே என்று அளந்து நிரூபித்த அந்த மகான், பக்கத்துச் சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் குடும்பத்தில் 1818-இல் பிறந்தவர். ‘இவருக்கு உஷ்ணமானியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது பீர்தான்’ என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னபோது, அவர் குரலில் தன் குலத்துப் பெரியவரைப் பற்றிப் பேசும் பெருமிதம் இருந்தது.

1967-இல் நான் ஊர் திரும்பும்போது, தாம் மிதக்கவிடும் அந்தக் கண்ணாடி உஷ்ணமானியையே, பஞ்சு சுற்றி, ஒரு தகரக் குழலில் இட்டு எனக்குக் கொடுத்தார்.

சித்திரை மாதம். வந்த மூன்றாம் நாள் ஆச்சி மாவு அரைத்து வழக்கம்போல அரங்குவீட்டில் வைத்தாள். நான் உஷ்ணமானியை எடுத்துக்கொண்டு வீட்டின் இடங்களையெல்லாம் அளந்து ஒரு தாளில் குறித்தேன். அரங்குவீடுதான் எல்லாவற்றிலும் குளிர்ச்சி என்று வந்தது. ஆச்சியின் தேர்வு சரி என்று மகிழ்ச்சியோடு அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

‘எப்ப அளந்தே?’

‘சாயங்காலம், ஆச்சி.’

‘மாவு வேலை செய்யுதது சாயங்காலமா? ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்தியா?’

அன்று இரவு அரிக்கேன் விளக்கோடு எழுந்தேன். எழுந்தது நான் மட்டும் அன்று. எழுபது கடந்த ஆச்சியும் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு என் பின்னே வந்தாள். பகலெல்லாம் குடித்த வெயிலை அரங்குவீட்டின் தடித்த சுவர்கள் அந்த நேரத்தில்தான் உள்ளே உமிழ்ந்துகொண்டிருந்தன: எண்பத்தொன்பது டிகிரி. பின்கட்டுத் தார்சாவில், மணல் பரப்பி அதன்மேல் தண்ணீர்ப் பானைகள் வைத்திருந்த இடத்தில் அளந்தால் எண்பது. விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் பாதரசம் நிற்கும் இடத்தை அவளுக்குக் காட்டினேன். அவள் ஈர மணலில் ஒரு கையும், அரங்குவீட்டுச் சுவரில் ஒரு கையும் மாறி மாறி வைத்துப் பார்த்தாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

‘கோடையில மாவு கொஞ்சம் அதிகமாப் புளிச்சுப் போறது இதனாலதானா? நான் உப்பு பத்தலைன்னுல்லா நெனச்சேன்’ என்றாள்.

அந்தக் கணமே, தூக்கத்தில் இருந்த என் தாயாரை எழுப்பி, இரண்டு பேருமாகச் சட்டியைத் தூக்கிவந்து தண்ணீர்ப் பானைகளுக்கு நடுவே, ஈர மணலில் பதித்தார்கள். அத்தனை வருஷத்து வழக்கத்தை அவள் மாற்றிக்கொண்டதில் ஒரு துளி வருத்தமும் எனக்குத் தென்படவில்லை; கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கு விடை கிடைத்தவளின் திருப்தியே முகத்தில் இருந்தது. காலையில் இட்டிலிக் கொப்பரையைத் திறந்தபோது, பூப்போல் எழுந்திருந்த இட்டிலியில் ஒன்றைப் பிட்டு முகர்ந்து, புளிப்பு அளவோடு இருப்பதைக் கண்டு, முதல் தட்டை எனக்கு வைத்தாள்.

எண் படிக்கத் தெரியாத அவளுக்கு அந்த உஷ்ணமானி எப்படிப் பயன்படும் என்ற யோசனை எனக்கு இருந்தது. அவளுக்கு இல்லை. பட்டாசாலையில் உட்கார்ந்து, பூக்கட்டும் நூலில் ஒரு துண்டைச் சிவப்பு மையில் தோய்த்துக் கொடுத்து, மாவுக்கு நல்ல இடத்தில் அதைக் கண்ணாடிமேல் கட்டச் சொன்னாள். எண்பத்தைந்தில் கட்டினேன். பாதரசம் நூலைத் தாண்டினால் தார்சா, நூலுக்கு வெகு கீழே இருந்தால் அடுப்போரம் என்று சொல்லி முடிக்குமுன் அவள் புரிந்துகொண்டு தலையசைத்தாள். பிறகு, நான் கடிதங்களில் எழுதியிருந்த வெள்ளைக்காரரைப் பற்றிக் கேட்டாள்.

‘அவர் சாமானுக்கு எங்கய்யா கட்டணும்?’

அறுபத்தைந்தைக் காட்டினேன். அவள் தன் சுருங்கிய விரலை அங்கே வைத்து, சிவப்பு நூலுக்கும் அதற்கும் உள்ள தூரத்தை இன்னொரு விரலால் அளந்தாள்.

‘இவ்வளவு கீழேயா? மார்கழி விடியக்காலம் ஆத்துல எறங்கினாக் கால் வெறைக்குமே, அந்தக் குளிரா?’

‘அதைவிடவும் கொஞ்சம் அதிகம், ஆச்சி. ஜெர்மனியில் இன்னும் கீழே, இதோ இந்த ஐம்பதில் வைப்பார்களாம்.’

‘நம்ம ஊர்ல பாதரசம் இங்க எறங்குமா?’

‘இறங்காது. மலைமேல் எங்கேயாவது இறங்கலாம்.’

‘அப்ப அது மலையிலயே இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு, உஷ்ணமானியைத் தகரக் குழலில் போடாமல், தார்சாவில் பானைகளுக்கு மேலே இருந்த ஆணியில் தானே எட்டி மாட்டினாள். பிறகு, மறுநாள் அமாவாசை என்பது நினைவுக்கு வந்து, உளுந்து புடைக்க முறத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.